மழைக்காலம் முடிந்தும் திறக்காத எக்ஸ்பி கம்ப்யூட்டர்: உள்ளே இருக்கும் தமிழ்க் கோப்புகளை எடுப்பது எப்படி?

மியான்மரின் மோல்மீனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கோயில் தமிழ்ப் பள்ளியின் பென்டியம் 4 கம்ப்யூட்டர். 512 எம்பி ரேம், 40 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்திருக்கிறது. இப்போது பட்டனை அழுத்தினால் சில தடவை விசிறி மட்டும் சுற்றுகிறது, திரை இருட்டாகவே கிடக்கிறது. சில தடவை 2002-ஆம் ஆண்டுத் தேதியைக் காட்டி எஃப் 1 அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் விண்டோஸ் சின்னம் வந்து, நீலத்திரை ஒரு நொடி தோன்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஃபார்மட் அடித்து விண்டோஸ் 10 போட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொல்வது சரியா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் பாடத்தாள்களும் மாணவர் பட்டியலும் கோயில் வரிக் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றன, வேறு பிரதி இல்லை என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது அந்தக் கோப்புகளைத்தான். இந்த வயதுக் கம்ப்யூட்டர் போனால் பெரிய நஷ்டமில்லை. ஆகவே ஃபார்மட் வேண்டாம். "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று ஆன் செய்வதும் வேண்டாம்; எக்ஸ்பி பாதிவரை எழும்பும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் எதையாவது எழுதும், சில நேரம் தானாகவே டிஸ்க் சரிபார்ப்பைத் தொடங்கிக் கோப்புகளை இடம் மாற்றிவிடும்.

முதல் வேலை, கேஸைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவது. பவர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, டிஸ்க்கிலிருந்து அகலமான ரிப்பன் கேபிளையும் நான்கு முனை பவர் இணைப்பையும் எடுங்கள். கேபிளைப் பிடித்து இழுக்காமல் தலைப்பகுதியைப் பிடித்து இழுங்கள். பிறகு யூஎஸ்பி–ஐடிஇ அடாப்டர் ஒன்று வேண்டும். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் தேவை. யூஎஸ்பி துளை 12 வோல்ட் தராது. அதனால் தனிப் பவர் அடாப்டரோடு வரும் வகையைத்தான் வாங்க வேண்டும். டிஸ்க்கின் பின்புறம் சிறு ஜம்பர் இருக்கும். அதை மாஸ்டர் நிலையில் வையுங்கள், படம் டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள தாளிலேயே இருக்கும். ஜம்பர் ஸ்லேவ் நிலையில் இருந்தால் பல அடாப்டர்களுக்கு டிஸ்க் இருப்பதே தெரியாது. முதலில் பவர், டிஸ்க் சுழலும் சத்தம் சீரான பிறகு யூஎஸ்பி.

அப்போது காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே சீராக இரைந்தால் நல்லது. "டக்… டக்…" என்று ஒரே இடைவெளியில் தட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். அது உள்ளே தகட்டை வாசிக்கும் தலை கெட்டதற்கான அடையாளம். ஓட விட்ட ஒவ்வொரு நிமிடமும் தகட்டைச் சுரண்டும். தூசியில்லாத அறை வைத்துள்ள மீட்பு நிலையத்தால்தான் பிறகு ஏதாவது செய்ய முடியும். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் அது உள்ளே நீர்த்துளிகளைப் படியவைப்பதோடு சரி.

சத்தம் சரியாக இருந்தால், இன்னொரு கம்ப்யூட்டரை லினக்ஸ் லைவ் பென் டிரைவிலிருந்து (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) எழுப்பி, அதில் டிஸ்க்கை இணைப்பதுதான் என் பரிந்துரை. விண்டோஸ் 10-லும் முடியும். ஆனால் அது "ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்று கேட்கும், "டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றும் சில நேரம் சொல்லும், பழைய பயனர் கோப்புறையைத் திறந்தால் அனுமதியில்லை என்று சொல்லி அனுமதிகளை மாற்றி எழுதும். மூன்றும் உங்களுக்கு வேண்டாதவை. லினக்ஸில் டிஸ்க்கை வாசிக்க மட்டும் என்று இணைத்தால் இந்தத் தொல்லை இல்லை. முதலில் ஸ்மார்ட் எண்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலைப் பாருங்கள். 5-ஆம் எண் ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டார்கள். 197 வாசிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 சரிசெய்ய முடியாதவை. இவற்றின் மூலமதிப்பு (raw value) சுழியமானால் கோப்புகளை நேரடியாக நகலெடுக்கலாம். 199 மட்டும் கூடியிருந்தால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, கேபிளில். சில மலிவான அடாப்டர்கள் ஸ்மார்ட் தகவலைக் கடத்தாது. அப்போது டிஸ்க் மோசமானது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

197 அல்லது 198-இல் எண் இருந்தால் தனித்தனிக் கோப்பாக எடுக்காமல் முழு டிஸ்க்கையும் படிமமாக, அதாவது ஒரே பெரிய கோப்பாக நகலெடுக்க வேண்டும். அதற்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற லினக்ஸ் நிரல். நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும். எதுவரை வாசித்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். படிமம் 40 ஜிபி வரும், ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த வட்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது. எனவே படிமத்தை வைக்கும் வட்டு என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கட்டும். நல்ல டிஸ்க் என்றால் யூஎஸ்பி 2 வழியாக அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கெட்ட டிஸ்க் என்றால் ஒரு நாளும் ஆகலாம். கட்டளை கொடுக்கும் முன் எது மூலம், எது இலக்கு என்று கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இடம் மாறினால் வெற்று வட்டு உங்கள் கணக்கின் மேல் எழுதப்பட்டுவிடும், அதற்கு மாற்று மருந்து கிடையாது.

எக்ஸ்பியில் பயனரின் கோப்புகள் "டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" கோப்புறைக்குள், அவரவர் பெயரில் இருக்கும். டெஸ்க்டாப்பில் கிடந்தவையும் அதற்குள்தான். அதோடு நிற்காமல், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் "ஃபான்ட்ஸ்" கோப்புறையை முழுதாக எடுத்து வையுங்கள். இதைத்தான் பலர் மறப்பார்கள். பழைய தமிழ் எழுத்துரு இல்லாமல் அந்தப் பாடத்தாள்களைத் திறந்தால் வெறும் குப்பை எழுத்துகள்தான் தெரியும்.

இனி கம்ப்யூட்டர். நீங்கள் சொன்ன அறிகுறிகள் ஒரே நோயின் அறிகுறிகள் அல்ல. தேதி 2002 என்று காட்டுவது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம்: மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும்; 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றிய பின் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் எழும்போது விண்டோஸுக்கு முன் ஓடும் அமைப்பு நிரல்) போய்த் தேதி, பூட் வரிசை இரண்டையும் சரிசெய்யுங்கள். ஃப்ளாப்பி டிரைவ் இல்லாத கம்ப்யூட்டரில் பயாஸ் தன் பழைய நிலைக்குத் திரும்பியதும் ஃப்ளாப்பியைத் தேடி முறையிடும், அதை அங்கேயே அணைத்துவிடலாம். தேதி தவறாக இருந்தால் இணையப் பக்கங்கள் "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கும். அதை வைரஸ் என்று நினைத்துக் காசு செலவழித்தவர்கள் உண்டு.

திரை வராமல் விசிறி மட்டும் சுற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று: ரேமின் முனையில் படிந்த பூஞ்சை, வீங்கிய கெப்பாசிட்டர், சோர்ந்த பவர் சப்ளை, இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டு. எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. "சில தடவை வருகிறது, சில தடவை வரவில்லை" என்பதைப் பார்த்தால் முதல் மூன்றின் பக்கமே சாய்கிறேன். மழைக்காலம் முழுக்கக் கிடந்த போர்டுக்கு உடனே கரண்ட் கொடுக்காமல், பக்கமூடியைக் கழற்றி மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலரவிடுங்கள். பவர் சப்ளையின் காற்றுத் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லியும் எறும்புக் கூடும் உள்ளே இருப்பது நம் ஊரில் அதிசயமில்லை. பிறகு ரேமைக் கழற்றி, தங்கநிற முனைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதி நீக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி முயலுங்கள். கேஸின் சிறு ஸ்பீக்கர் வயர் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவார்ட் பயாஸ் என்றால் விடாமல் வரும் நீண்ட பீப் ரேமைச் சொல்கிறது. ஒரு நீளம் இரண்டு குறுக்கம் வந்தால் கிராஃபிக்ஸ் கார்டு. மற்ற நிறுவனங்களின் பயாஸுக்கு இந்தக் கணக்கு வேறு.

கெப்பாசிட்டர்களை அந்த ஆண்டுகளின் போர்டில் கட்டாயம் பார்க்க வேண்டும். 1999 முதல் 2007 வரை வந்த பல மதர்போர்டுகளில் மட்டமான மின்பகு திரவம் கொண்ட கெப்பாசிட்டர்கள் இருந்தன. பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் குற்றவாளி. மாற்றுவதற்கு அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்று அதிக வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) வகை கேளுங்கள்; சாதாரண ரேடியோ கெப்பாசிட்டர் சில வாரத்தில் மறுபடி உப்பும். கழற்றும் முன் படம் எடுத்துவைத்து, கோடு போட்ட மைனஸ் முனை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து அதே பக்கம் வையுங்கள். போர்டில் அச்சிட்ட குறியை மட்டும் நம்ப வேண்டாம்; எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி அச்சிடவில்லை. ஃபோன் பழுதுபார்க்கும் கடையின் மெல்லிய சால்டரிங் அயர்ன் இதற்குப் போதாது. போர்டின் உள்ளடுக்குச் செம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். 60 வாட் அயர்னும் பழகிய கையும் வேண்டும்.

பவர் சப்ளையைச் சோதிக்க அதை போர்டிலிருந்து விலக்கி, பெரிய இணைப்பில் உள்ள ஒரே பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்தால் விசிறி ஓடும். பழைய சிடி டிரைவ் ஒன்றைச் சுமையாக மாட்டி, மல்டிமீட்டரில் அளவுகளைப் பாருங்கள். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வோல்ட் வரலாம். இதில் தேறினால் நல்லது என்று நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது, முழுச் சுமையில் சரியும் சப்ளைகள் உண்டு. தேறாவிட்டால் மட்டும் கெட்டது என்பது உறுதி. மேல்மூடியைத் திறக்காதீர்கள். கரண்ட் இல்லாதபோதும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

பவர் சப்ளையின் பின்னால் சிவப்புச் சுவிட்சு ஒன்று 115 / 230 என்று இருக்கும். நம்மிடம் வருவது 230 வோல்ட். மாலையில் வோல்ட் இறங்கித் திரை நடுங்கும்போது யாராவது "115-க்குத் தள்ளினால் நன்றாக ஓடும்" என்று சொன்னால் கேட்காதீர்கள். 115 நிலையில் உள்ளே மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் சுற்று சேர்ந்துகொள்ளும். வோல்ட் பழையபடி ஏறிய கணத்தில் சப்ளை வெடிக்கும். 230 நிலையிலேயே சுமார் 180 வோல்ட் வரை அது தாக்குப்பிடிக்கும். ஜப்பானில் புழங்கிய கம்ப்யூட்டர் என்றால் இன்னொரு எச்சரிக்கை: ஒட்டுத்தாளில் 100 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகவே கூடாது. கேஸைத் தொட்டால் சுர்ரென்று ஏறுவது பெரும்பாலும் எர்த் இல்லாத இரண்டு ஓட்டை பிளக்கின் விளைவு. அந்த நிலையில் பிரிண்டரையும் பென் டிரைவையும் மாட்டிக் கழற்றினால் யூஎஸ்பி துளை கருகக்கூடும். ஒரு எர்த் கம்பி போடுவது புது சப்ளை வாங்குவதைவிட மலிவு. மின்தடைக்கு 650 விஏ யூபிஎஸ் போதும். கணக்கைச் சேமித்து அணைக்கச் சில நிமிடம் தரும். ஆனால் அதன் பேட்டரி நம் வெக்கையில் இரண்டு மூன்று ஆண்டுதான் நிற்கும். கரண்ட் திரும்பி வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்து ஆன் செய்யுங்கள், முதல் அலை அடங்கட்டும்.

கோப்புகள் வெளியே பத்திரமாக வந்த பிறகு நீலத்திரையைப் பார்க்கலாம். டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, தொடக்கத்தில் எஃப் 8-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று இருக்கும், சர்வீஸ் பேக் 2-க்குப் பிறகான எக்ஸ்பியில். அதைத் தேர்ந்தால் நீலத்திரை நிற்கும். 'STOP' என்ற சொல்லை அடுத்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஈடி (ED என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள்) என்று முடிந்தால் டிஸ்க்கின் கோப்பமைப்பு சிதைந்திருக்கிறது, மின்தடைக்குப் பிறகு அடிக்கடி வருவது. எக்ஸ்பி சிடியிலிருந்து ரிகவரி கன்சோலுக்குப் போய் செக்டிஸ்க்கை "ஆர்" விருப்பத்தோடு ஓட்டினால் பெரும்பாலும் தீரும். 80 இழைக் கேபிளுக்குப் பதில் பழைய 40 இழைக் கேபிள் மாட்டியிருந்தாலும் இதே எண் வரும். 7பி (7B) என்று முடிந்தால் விண்டோஸால் டிஸ்க்கை அணுகவே முடியவில்லை. ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா வகை டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர்களில் பேட்டரி போய் பயாஸ் நிலை மாறியதாலேயே இது வரும். உங்களுடையது ஐடிஇ என்பதால் அந்தக் காரணம் இருக்க வாய்ப்பு குறைவு. எண் ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வந்தால் எக்ஸ்பியை விட்டுவிட்டு, மெம்டெஸ்ட் 86 பிளஸ் சிடி போட்டு ரேமை ஒரு முழுச் சுற்று சோதியுங்கள்.

எதைப் போடலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் 10 இதற்கு ஒத்துவராது. அதற்குக் குறைந்தது 1 ஜிபி ரேமும் என்எக்ஸ் வசதியுள்ள (தரவுப் பகுதியில் நிரல் ஓடாமல் தடுக்கும்) பிராசஸரும் வேண்டும். ஆரம்பகால பென்டியம் 4-களில் அந்த வசதியே கிடையாது. போதாதற்கு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலேயே முடிந்தது. நெட்வொர்க் கேபிள் மாட்டாமல், பழைய கோப்பைத் திறக்கவும் அச்சடிக்கவும் மட்டும் என்றால் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 தாராளமாகப் போதும். இணையம் வேண்டுமென்றால் எக்ஸ்பி வேண்டாம். 32 பிட் லினக்ஸ் ஒரு வழி. டெபியன் 12-தான் 32 பிட் நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு, 13-இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. ஆன்டிஎக்ஸ் இன்னும் இலகு. ஆனால் 512 எம்பியில் இன்றைய பிரவுசர் நொண்டும், இதை மறைப்பதற்கில்லை. பள்ளியின் அன்றாட வேலைக்குப் புழங்கிய கோர் 2 டுவோ அல்லது அதற்குப் பிந்தைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவிட்டு, இதை அச்சுக்கு வைத்துக்கொள்வதே விவேகம்.

கடைசியாக எழுத்துரு. அந்தக் காலத் தமிழ்க் கோப்புகளுக்குள் தமிழே இல்லை. ரோமன் எழுத்துகளின் எண்கள்தான் இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. எந்தக் குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற முறை) என்று அறிய, ஒரு வரியைச் சாதாரண எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். விசைப்பலகையில் உள்ள ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி. தலையில் புள்ளியும் கோடும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் டிஸ்கி அல்லது டாப் வகை. எழுத்துருவின் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகும், ஏனெனில் சில நிறுவனங்கள் தங்களுக்கென்றே குறியாக்கம் வைத்திருந்தன. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி இந்தப் பொதுவான வகைகளை, எல்லா மொழிக்கும் பொதுவான இன்றைய குறியாக்கமான யூனிகோடுக்குக் கொண்டுவரும். பழையவற்றில் "கெ" என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்திருக்கும். யூனிகோடில் ககரம் முதலில். மட்டமான மாற்றி இந்த இடமாற்றத்தைச் செய்யாமல் கொம்பை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடும். ஆகவே முதல் பக்கத்தில் எகர, ஒகரச் சொற்களைத் தேடிப் பார்த்த பிறகே மீதியை மாற்றுங்கள்.

மாணவர் பட்டியலை ஒரே வீச்சில் மாற்றாமல் பத்தி பத்தியாக, அதாவது அட்டவணையின் ஒவ்வொரு செங்குத்து வரிசையாக மாற்றுங்கள். மாற்றிக்கு எழுத்துருவின் பெயர் தெரியாது. ஆங்கிலத்தில் உள்ள பெயரையும் தமிழாக்கிக் கந்தலாக்கும். பாமினியில் அடித்த பாடங்களில் வாக்கியத்தின் முதல் எழுத்து மட்டும் தப்பாக இருந்தால், வேர்டு அதைத் தானாகப் பெரிய எழுத்தாக்கியிருக்கிறது. பெற்றோர் பெயர் பர்மிய எழுத்தில் இருந்தால் அது அநேகமாக ஸாஜி (Zawgyi), அதாவது யூனிகோடு முறையைப் பின்பற்றாத பழைய பர்மிய எழுத்துரு. ஸாஜியும் யூனிகோடும் ஒரே எண்களைப் பகிர்வதால் கணினியால் எளிதில் பிரித்தறிய முடியாது. 2019 அக்டோபர் 1-இல் மியான்மர் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியபோது எல்லோரும் பட்ட பாடு அதுதான். அந்தப் பத்தியைத் தனியாக, ஸாஜி மாற்றியில், ஒரே ஒரு தடவை ஓட்டுங்கள். ஏற்கெனவே மாறியதை மறுபடி மாற்றினால் சிதையும். எக்ஸ்பியிலேயே யூனிகோடு தமிழைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ட்ரோல் பேனலில் வட்டார, மொழி அமைப்புக்குள் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எக்ஸ்பி சிடியைக் கேட்கும். கொம்பு தனியாகவும் புள்ளிவட்டத்தோடும் தெரிந்தால் அது இன்னும் தேர்வாகவில்லை. சதுரக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துருவே இல்லை.

நீலத்திரையின் எண்ணையும், சாதாரண எழுத்துருவில் மாற்றிப் பார்த்த ஒரு வரியின் படத்தையும், ஃபான்ட்ஸ் கோப்புறையில் உள்ள தமிழ் எழுத்துருக்களின் பெயர்களையும் இதன் கீழே போடுங்கள். எந்தக் குறியாக்கம் என்பதை அதிலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.